உச்சிவா, சென்சு: ஜப்பானியக் கைவிசிறி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியக் கைவிசிறி என்றதும் பலருக்கும் பட்டுப்போன்ற தாளில் செர்ரிப் பூ வரைந்த மடிப்பு விசிறி ஒன்றுதான் நினைவுக்கு வரும். காற்று வாங்குவதோடு அதன் வேலை முடிந்தது என்றும் நினைத்துவிடுகிறோம். ஜப்பானில் விசிறியைப் பல நேரம் விரிப்பதே இல்லை. மூடிய விசிறிக்கே அங்கே நிறைய வேலை இருக்கிறது. இதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

உச்சிவா, சென்சு இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. தமிழில் எல்லாமே விசிறிதான், ஜப்பானிய மொழியில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். உச்சிவா மடங்காது. மூங்கில் சிம்புகள்மேல் தாளோ துணியோ ஒட்டி, கைப்பிடியோடு எப்போதும் விரிந்தே இருக்கும். சென்சு மடங்கும். இடுப்புப் பட்டையிலும் சட்டைப் பையிலும் செருகிக்கொள்ளலாம். இதற்கு ஓகி என்ற பழைய பெயரும் உண்டு. நாட்டியம், நோ என்னும் பழைய முகமூடி நாடகம் என்று வரும்போது ஓகி என்றே அதிகம் சொல்வார்கள்.

உச்சிவா வீட்டுக்கும் தெருவுக்கும் உரியது. குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வீசிக்கொள்வது, அடுப்பு ஊதுவது, கோடைத் திருவிழாவில் யுகாதா உடைக்குப் பின்னால் செருகிக்கொள்வது எல்லாம் உச்சிவாதான். சபைக்குப் போவது சென்சு.

மடிக்கும் விசிறி ஜப்பானில்தான் பிறந்ததா?

ஆமாம், அப்படித்தான் பரவலாக ஏற்றுக்கொள்கிறார்கள். மடங்காத விசிறி சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்தது. மடிப்பு விசிறி எதிர்த்திசையில் போனது. 988-இல் ஜப்பானியத் துறவி ஒருவரின் சீடர் சோங் பேரரசருக்குக் கொண்டுபோன காணிக்கைகளில் மடிப்பு விசிறிகளும் இருந்ததாகச் சீன வரலாற்றுப் பதிவு சொல்கிறது.

அதன் தொடக்கம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் மடிப்பு விசிறியில் தாளே கிடையாது. ஹினோகி என்னும் சைப்ரஸ் மரத்தை மெல்லிய பட்டைகளாகச் சீவி, அடியில் ஓர் ஆணி போட்டு, மேலே நூலால் கோத்திருப்பார்கள். ஹியோகி என்று பெயர். தாள் அரிதாக இருந்த காலத்தில் மரப்பட்டைகளில்தான் குறிப்பு எழுதினார்கள். அவற்றை ஒன்றாகக் கட்டி வைத்ததிலிருந்தே இந்த விசிறி உருவானது என்பது பலரும் ஏற்கும் கருத்து. அரசவைச் சடங்கில் எதற்குப் பின் எது என்று மறந்துவிடாமல் இருக்க, அதிகாரிகள் ஹியோகியில் எழுதிவைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். ஆக, நம் ஓலைச்சுவடி போல அதுவும் எழுதப்பட்ட ஏடுதான். காற்று அப்புறம் வந்த பயன்.

கியோட்டோவில் உள்ள தோஜி கோயிலில், கருணையின் வடிவமான ஆயிரங்கைக் கன்னோன் என்னும் போதிசத்துவர் சிலையின் கை ஒன்றுக்குள்ளிருந்து ஒரு ஹியோகி கிடைத்தது. அதில் 877-ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி எழுதியிருக்கிறது.

தாள் ஒட்டிய விசிறி அடுத்து வந்தது. சில மூங்கில் குச்சிகள், ஒரு பக்கம் மட்டும் தாள். அதை வௌவால் விசிறி என்றே அழைத்தார்கள். விரித்தால் வௌவாலின் இறக்கை போலவே இருக்கும். இது சீனாவுக்குப் போய், இரு பக்கமும் தாள் ஒட்டும் பழக்கத்தோடு திரும்பி வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்தபின் கிழக்கின் மடிப்பு விசிறி ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

அரண்மனைப் பெண்கள் விசிறியை எதற்கு வைத்திருந்தார்கள்?

முகத்தை மறைக்க, கவிதை எழுத, ஒரு பூவை அதன்மேல் வைத்து நீட்ட. ஹெயான் காலத்தில் (8 முதல் 12-ஆம் நூற்றாண்டு வரை) உயர்குடிப் பெண் அந்நிய ஆணுக்கு முகம் காட்டமாட்டாள். அதனால் விசிறி எப்போதும் கையில் இருந்தது.

அந்தக் காலத்து அரசவைப் பெண் செய் ஷோனகோன் ஒரு சம்பவத்தைக் குறித்து வைத்திருக்கிறார். பிரபு ஒருவர் வந்து, தனக்கு அருமையான விசிறிக் குச்சிகள் கிடைத்திருப்பதாகவும், அதுபோன்ற எலும்பை யாருமே பார்த்ததில்லை என்றும் பெருமையடித்தார். ஜப்பானிய மொழியில் விசிறிக் குச்சிக்கும் எலும்புக்கும் ஒரே சொல். யாருமே பார்த்ததில்லை என்றால் அது ஜெல்லிமீனின் எலும்பாகத்தான் இருக்கும் என்றார் ஷோனகோன். ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்தச் சுறுசுறுப்பு அப்படியே இருக்கிறது.

ஹியோகி இன்றும் மறையவில்லை. 2019 அக்டோபர் 22-இல் நடந்த முடிசூட்டுச் சடங்கில் பேரரசி மசாகோ பல அடுக்குக் கிமோனோவோடு கையில் ஹியோகி பிடித்து நின்றார். மார்ச் 3-இல் பெண் குழந்தைகளுக்காக வைக்கும் ஹினா பொம்மைகளில் அரசி பொம்மையின் கையிலும் குட்டி ஹியோகி இருக்கும்.

கனாமே என்றால் என்ன?

மடிப்பு விசிறியின் எல்லாக் குச்சிகளையும் அடியில் சேர்த்துப் பிடிக்கும் சின்ன ஆணி. அது கழன்றால் விசிறி வெறும் குச்சிக் கட்டாகிவிடும். அதனால் ஜப்பானிய மொழியில் ஒரு காரியத்தின் முக்கியமான புள்ளிக்கும் கனாமே என்ற சொல்லையே பயன்படுத்துகிறார்கள். தமிழில் ஒருவரைக் குடும்பத்தின் அச்சாணி என்று சொல்கிறோமே, அதே பொருள்தான்.

விசிறியைப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தியது உண்மையா?

உண்மைதான், ஆனால் படங்களில் வருவதுபோல் விசிறியை வீசிக் கழுத்தை வெட்டிய கதைகளை நம்பவேண்டாம். போரில் விசிறியின் முதல் வேலை சைகை. தளபதியின் கையிலிருந்த மடங்காத விசிறிக்குக் கும்பாய் என்று பெயர். மரம், தோல், இரும்பு முதலியவற்றால் செய்து அரக்குப் பூசுவார்கள். மடங்கும் போர் விசிறியில் பெரும்பாலும் சூரிய வட்டம் வரைந்திருக்கும்.

1561-இல் நடந்த கவானாகாஜிமா போரில் உவேசுகி கென்ஷின் என்ற படைத்தலைவர் குதிரையில் பாய்ந்துவந்து வெட்ட, எதிரணித் தலைவர் தகேடா ஷிங்கென் உட்கார்ந்த இடத்திலிருந்தே கும்பாயால் வாளைத் தடுத்தார் என்று ஒரு கதை. இதை வரலாற்றுச் செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஜப்பானில் தெரியாதவர் இல்லை, அந்தக் களத்தில் சிலையே வைத்திருக்கிறார்கள்.

தெஸ்ஸென் என்பது இரும்பு விசிறி. சிலவற்றுக்குக் குச்சி மட்டும் இரும்பு, விரிக்கலாம். சில மூடிய விசிறியின் வடிவத்தில் வார்த்த கெட்டி இரும்பு. வாளைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய இடத்தில் சாமுராயின் கையில் மிஞ்சியது இதுதான். அடியைத் தடுக்கவும் திருப்பி அடிக்கவும் உதவியது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது 1185-இல், தைரா, மினமோட்டோ என்ற இரண்டு குலங்களுக்கிடையே யாஷிமாவில் நடந்த போரில் நிகழ்ந்தது. தைரா படையின் படகு ஒன்றில், கம்பத்தின் நுனியில் சூரியன் வரைந்த சிவப்பு விசிறியைக் கட்டி, முடிந்தால் அடித்துப் பார் என்று ஒரு பெண் சைகை காட்டினாள். கரையில் இருந்த மினமோட்டோ படையிலிருந்து நாசு நோ யோய்ச்சி என்ற இளைஞன் குதிரையைக் கடலுக்குள் இறக்கினான். காற்றும் அலையும் இருந்தன, படகு ஆடியது. அம்பு கனாமேக்கு ஓர் அங்குலம் மேலே பட்டது. விசிறி வானில் எழும்பி, சுழன்று, கடலில் விழுந்தது. கரையிலிருந்த சொந்தப் படை அம்பறாத்தூணிகளைத் தட்டியது. எதிரிப் படையும் படகு விளிம்புகளைத் தட்டி ஆரவாரித்தது. தைரா குலத்தின் கதையைச் சொல்லும் ஹெய்கே காவியம் இதை இப்படித்தான் சொல்கிறது. குறி பார்த்த இடம் அச்சாணிக்கு அருகே என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சுமோ நடுவர் கையில் இருப்பதும் விசிறியா?

அதே கும்பாய்தான். யார் பக்கம் கும்பாயை உயர்த்துகிறாரோ அவர் வென்றார். இதனால் அன்றாடப் பேச்சிலும் ஒருவருக்குக் கும்பாய் உயர்ந்தது என்றால் அவருக்கு வெற்றி என்று பொருள்.

விசிறியிலிருந்து வந்த இன்னொரு வழக்கு, இடக்கை உச்சிவா. வலக்கைக்கு வேலை இல்லாமல், இடக்கையால் சாவகாசமாக விசிறிக்கொண்டு வாழ்கிறான், அதாவது கவலையில்லாமல் வாழ்கிறான் என்று அர்த்தம்.

மேடையில் விசிறி என்ன செய்கிறது?

கிட்டத்தட்ட எல்லாவற்றையும். விசிறியைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் இடத்துக்குப் போகலாம் என்றால் நான் மேடையைத்தான் சொல்வேன்.

நோ நாடகத்தில் ஒவ்வொரு வகைப் பாத்திரத்துக்கும் தனி விசிறி உண்டு. சூகெய் என்ற வகை, மூடியிருக்கும்போதும் நுனி பாதி விரிந்தே நிற்கும். வென்ற வீரனின் ஆவியாக வருபவரின் விசிறியில் பைன் மரமும் உதய சூரியனும். தோற்ற வீரனின் விசிறியில் அலைகளும் அவற்றில் மறையும் சூரியனும். முகமூடிக்குள் இருக்கும் நடிகர் ஒரு சொல்லும் பேசாமல் விசிறியை விரித்தாலே, விவரம் தெரிந்த பார்வையாளருக்கு அவர் எந்தப் பக்கம் நின்று செத்தவர் என்று தெரிந்துவிடும்.

ஜப்பானிய நாட்டியத்துக்கான மாயோகி சுமார் 29 சென்டிமீட்டர் நீளம், பத்துக் குச்சிகள். கனாமே அருகே ஈயம் வைத்து எடை கூட்டியிருப்பார்கள். சுழற்றும்போதும் தூக்கிப்போட்டுப் பிடிக்கும்போதும் விசிறி கையில் நிலையாகத் திரும்புவது அந்த எடையால்தான். அதை வைத்தே மழை, அலை, விழும் இலை, வில், குடை எல்லாம் காட்டுவார்கள்.

ரகுகோ இன்னும் எளிமை. மெத்தைமேல் மண்டியிட்டு உட்கார்ந்த ஒரே கதைசொல்லி. கையில் ஒரு விசிறி, ஒரு சின்னத் துண்டு. ஒன்றரை மணி நேரம் கூட ஒரு தெருவையே கண்முன் நிறுத்திவிடுவார். மூடிய விசிறி சாப்பாட்டுக் குச்சியாகும், புகைக்குழாயாகும், வாளாகும், தூரிகையாகும், துடுப்பாகும். சோபா நூடுல்ஸ் உறிஞ்சும் காட்சியில் இடக்கையைக் கிண்ணம் போலக் குவித்து, மூடிய விசிறியால் அள்ளி உறிஞ்சும் சத்தம் கேட்டால் நமக்குப் பசித்துவிடும். முழுக்க விரித்தால் சாக்கே என்னும் அரிசி மதுவுக்கான அகன்ற கிண்ணம். கதைசொல்லிகள் தங்களுக்குள் விசிறியைக் காற்று என்றே பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஆனால் மேடையில் அந்தக் காற்று அனேகமாக வீசுவதே இல்லை.

தேநீர்ச் சடங்கில் விசிறியை விரிக்கலாமா?

கூடாது. சடங்குக்கான விசிறி சின்னது, பெண்களுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர், ஆண்களுக்குச் சுமார் 18. வணங்கும்போது மூடிய நிலையில் முழங்காலுக்கு முன்னால் குறுக்காகத் தரையில் வைக்கவேண்டும். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள், உங்களுக்கு முன் நான் பணிந்திருக்கிறேன் என்பது அதன் பொருள். சுவரில் தொங்கும் சித்திரச் சுருளைப் பார்க்கும்போதும் அப்படியே. பிறகு உட்காரும்போது விசிறி பின்னால் போய்விடும். எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் அதை எடுத்து விசிறிக்கொள்ளக் கூடாது. ஒரு சாண் நீளக் குச்சிக்கட்டு ஒரு எல்லைக்கோடாக மாறுவதை நேரில் பார்த்தபிறகுதான் இந்தப் பொருளின்மேல் எனக்கு மரியாதையே வந்தது.

கல்யாணத்தில் விசிறி கொடுப்பது ஏன்?

விசிறி அடியில் குறுகி நுனியில் விரிகிறது. போகப் போக விரியும் வாழ்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதனாலேயே மங்கல நிகழ்ச்சிகளில் விசிறிக்குச் சுயேஹிரோ, அதாவது கடைசியில் விரிவது என்று பெயர். நிச்சயதார்த்தச் சீர்வரிசையில் ஒரு ஜோடி வெள்ளை விசிறி உண்டு. கிமோனோ அணிந்த மணமகள் ஒரு பக்கம் பொன்னும் மறுபக்கம் வெள்ளியுமான விசிறியைக் கையில் பிடிப்பாள், இல்லையென்றால் இடுப்புப் பட்டையில் செருகியிருப்பாள். விரிக்கமாட்டாள்.

சென்சு எப்படிச் செய்கிறார்கள்?

கியோட்டோ கைவினைஞர்கள் ஒரு விசிறி 87 முறை கை மாறுகிறது என்பார்கள். குச்சி சீவுபவர் வேறு, தாள் ஒட்டுபவர் வேறு, ஓவியம் தீட்டுபவர், மடிப்பவர், கோப்பவர் எல்லாரும் வேறு வேறு. குச்சிகளில் பெரும்பகுதி பிவா ஏரிக்கரையில், ஷிகா மாநிலத்து அடோகாவா பகுதியிலிருந்து வருகிறது. பழைய எடோவான தோக்கியோவில் வழக்கம் வேறு: அங்கே ஒரே கைவினைஞர் அனேகமாக எல்லா வேலையையும் தானே செய்வார். குச்சிகள் குறைவு, மடிப்புகள் அகலம், மூடினால் பட்டென்று ஒரு சத்தம் வரும்.

வெளியிலிருந்து பார்த்தால் தாளைக் குச்சிமேல் ஒட்டியதுபோல் தெரியும். உண்மையில் குச்சி தாளுக்குள் இருக்கிறது. நடுவில் மிக மெல்லிய தாள், இருபுறமும் வேறு தாள் என்று சேர்த்து ஒட்டுகிறார்கள். ஈரப்பதம் சேர்த்து, இரண்டு அச்சுத்தாள்களுக்கு நடுவே வைத்து விசிறிமடிப்பாக மடிக்கிறார்கள். பிறகு நடுத்தாள் பிரியும்படி மெல்லிய மூங்கில் குச்சியைச் செருகி ஒவ்வொரு மடிப்பிலும் இடைவெளி உண்டாக்குகிறார்கள். கைவினைஞர் அந்த இடைவெளிகளில் வாயால் ஊதுவார். மூச்சில் அவை திறந்துகொள்ளும்போது பசை தடவிய குச்சிகளை மளமளவென்று உள்ளே செருகிவிடுவார். அந்த விசிறிக்குள் போகும் முதல் காற்று செய்தவரின் மூச்சு. கடைசியாக, இருபுறமும் உள்ள தடித்த காவல் குச்சிகளைச் சூடுகாட்டி உள்நோக்கி வளைப்பார்கள். நல்ல சென்சு மூடியதும் இறுக்கமாக நிற்பது இதனால்தான். கடையில் வாங்கும்போது இதைக் கவனியுங்கள். மூடியபின் நுனி தானாக விரிந்துகொண்டால் விட்டுவிடலாம்.

உச்சிவாவுக்குப் பெயர்போன ஊர் எது?

ஷிகோக்கு தீவில், ககாவா மாநிலத்து மருகமே. ஜப்பானில் செய்யும் உச்சிவாவில் ஏறக்குறைய 90 சதவீதம் இங்கிருந்துதான். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், அருகிலிருந்த கொம்பிரா கோயிலுக்கு வந்த யாத்ரிகர்கள் வாங்கிப்போகும் பொருளாகத் தொடங்கியது. வட்டத்துக்குள் பொன் என்ற எழுத்துப் பொறித்த சிவப்பு விசிறி அது. பின்னால் ஊரை ஆண்ட பிரபு குடும்பம் சம்பளம் போதாத சாமுராய்களுக்கு இதையே கைத்தொழிலாக ஊக்குவித்தது.

மருகமே விசிறியில் கைப்பிடியும் சிம்புகளும் ஒரே மூங்கில் துண்டு. ஒரு முனையை 35 முதல் 45 சிம்புகளாகக் கிழித்து விரிக்கிறார்கள். சிம்புகளைக் கிழிக்கும் கை கொஞ்சம் கோணினாலும் விசிறி ஒருபக்கம் சாயும். மொத்தம் 47 படிகள். அந்த ஊரில் பழைய பாட்டு ஒன்று உண்டு: மூங்கில் இயோவிலிருந்து, தாள் தோசாவிலிருந்து, பசை ஆவாவிலிருந்து, விசிறி செய்வது சனுகியில். நான்கும் ஷிகோக்குவின் நான்கு பழைய நாடுகள். நாலு நாடும் சேர்ந்து வீசினால் குளிர்ச்சிக்குக் கேட்கவா வேண்டும் என்று பாட்டு முடியும். துறைமுகத்துக்குப் பக்கத்தில் உச்சிவா அருங்காட்சியகம் இருக்கிறது. நீங்களே ஒன்று செய்தும் பார்க்கலாம்.

சீபாவின் போஷூ விசிறிக்கு உருண்டைக் கைப்பிடி. 1923 நிலநடுக்கத்துக்குப் பின் தோக்கியோ வியாபாரிகள் அங்கே இடம்பெயர, அந்தத் தொழில் பெருகியது. கியோட்டோ உச்சிவாவில் கைப்பிடியைத் தனியாகச் செய்து செருகுவார்கள். கிஃபு நகரின் நீர்விசிறி, வார்னிஷ் பூசிய மெல்லிய தாளால் கண்ணாடிபோல இருக்கும், தண்ணீரில் நனைத்து வீசலாம்.

சமையலறையில் இன்னும் பயன்படுத்துகிறார்களா?

தாராளமாக. சுஷிக்கு வினிகர் கலந்த சோற்றைக் கிளறும்போது ஒருவர் உச்சிவாவால் வீசுவார். மேலுள்ள ஈரம் சட்டென்று போய்ச் சோறு பளபளப்பாகும். விலாங்கு மீன் சுடும் கடைகளில் கரியடுப்பின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது விசிறிதான். அதற்குச் சிபு உச்சிவா என்ற வகை: பச்சைப் பெர்சிமன் காயின் துவர்ச்சாறு பூசியது. அந்தச் சாறு தாளை உறுதியாக்கும், பூச்சியும் அண்டாது, ஆண்டு ஆகஆக நிறம் கறுத்துக்கொண்டே போகும். குமமோட்டோ மாநிலத்துக் குத்தாமி என்ற ஊர் இதற்குப் பேர்போனது.

விசிறிக்கும் கோயிலுக்கும் தொடர்பு உண்டா?

நாராவிலுள்ள தோஷோதைஜி கோயிலில் ஆண்டுதோறும் மே 19-இல் இதய வடிவ உச்சிவாக்களைக் கூட்டத்தினருக்கு வீசியெறிவார்கள். 13-ஆம் நூற்றாண்டில் அங்கே ககுஜோ என்ற துறவி இருந்தார். அவர்மேல் உட்கார்ந்த கொசுவைச் சீடர் அடிக்கப் போனபோது, கொசுவுக்கு ரத்தம் கொடுப்பதும் தானம்தான் என்று தடுத்துவிட்டார். அவர் மறைந்தபின் ஹொக்கேஜி மடத்துப் பெண் துறவிகள், கொசுவையாவது விரட்டட்டும் என்று விசிறிகள் செய்து அவர் சந்நிதியில் படைத்தார்கள். கொல்லாமல் விரட்டும் கருவி என்பதால் விசிறி. அந்தப் பெண்களின் கரிசனத்துக்கு இதைவிடப் பொருத்தமான காணிக்கை இருந்திருக்க முடியாது.

விசிறி எறியும் விளையாட்டு இருக்கிறதாமே?

தோசென்கியோ. 1773 வாக்கில் கியோட்டோவில் தோன்றியது. மதியத் தூக்கம் கலைந்த ஒருவர் தன் மரத் தலையணைமேல் வந்து உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்த்து விசிறியை வீசினார், அதிலிருந்து பிறந்தது என்பது கதை. அதனால் விளையாட்டில் இலக்கு வைக்கும் மரப்பெட்டிக்குத் தலையணை என்றும், இலக்குக்கு வண்ணத்துப்பூச்சி என்றும் பெயர். விரித்த விசிறியை எறிந்து இலக்கை வீழ்த்தவேண்டும். விசிறி, பெட்டி, இலக்கு மூன்றும் விழுந்துகிடக்கும் விதத்துக்குத் தக்கபடி மதிப்பெண். ஒவ்வொரு விதத்துக்கும் கெஞ்சி என்ற இளவரசனைப் பற்றிய பழைய ஜப்பானிய நாவலான கெஞ்சி கதையின் 54 அத்தியாயங்களிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு யார் விசிறி வாங்குகிறார்கள்?

கோடையில் ரயில் நிலைய வாசலில் விளம்பரம் அச்சடித்த பிளாஸ்டிக் உச்சிவா இலவசமாகவே கிடைக்கும். பாட்டுக் கச்சேரிகளில் ரசிகைகள் தங்கள் நட்சத்திரத்தின் பெயரைப் பெரிய உச்சிவாவில் ஒட்டிப் பிடிக்கிறார்கள். கியோட்டோவில் கெய்கோ என்னும் கலைப்பெண்களும், மைகோ என்னும் பயிற்சியிலுள்ள இளம்பெண்களும் தங்கள் பெயரைச் சிவப்பில் எழுதிய வட்ட உச்சிவாவைக் கோடையில் தெரிந்த கடைகளுக்கெல்லாம் கொடுப்பார்கள். கடைக்காரர் அதைச் சுவரில் மாட்டிவைப்பார். ஷோகி என்னும் ஜப்பானியச் சதுரங்கம் ஆடுபவர்கள் யோசிக்கும்போது கையில் சென்சுவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கையெழுத்தை அச்சிட்ட விசிறிகளுக்கும் நல்ல விற்பனை உண்டு.

சென்சுவை எப்படி விரிப்பது, எப்படிப் பாதுகாப்பது?

படங்களில் பார்ப்பதுபோல மணிக்கட்டைச் சொடுக்கி விரிக்காதீர்கள். என் முதல் விசிறி அப்படித்தான் ஒரே வாரத்தில் மடிப்போரம் கிழிந்தது. கனாமே இருக்கும் பக்கத்தை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் காவல் குச்சியை மெதுவாகத் தள்ளி, ஒவ்வொரு மடிப்பாகத் திறக்கவேண்டும். மூடும்போதும் அதேபோல் மடிப்பு மடிப்பாக. பயன்படுத்தாதபோது விசிறியோடு வந்த தாள்வளையத்தைப் போட்டு வையுங்கள், இல்லையென்றால் நுனி விரிந்துகொள்ளும். ஈரக்கையால் தொடவேண்டாம். மூடிய விசிறியால் ஆளைச் சுட்டிக்காட்டவும் வேண்டாம்.

கிழிந்துபோனால் தூக்கிப்போட வேண்டியதுதானா?

மலிவு விசிறி என்றால் வேறு வழியில்லை. ஆனால் குச்சியும் கனாமேயும் நன்றாக இருந்தால் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் கோத்துத் தரும் பட்டறைகள் உண்டு. நாட்டிய விசிறிகளை இப்படிப் புதுப்பித்து வைத்துக்கொள்கிறார்கள். கைக்குப் பழகிய குச்சியும் எடையும் அப்படியே இருக்கும். மாறுவது தாள் மட்டும்தான்.